ஓரெழுத்துச் சொல்

அந்தக் குறுஞ்செய்தியில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் மோகனராஜுக்கு முதலில் உறுத்தியது.

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் எழுத்தைத் திருத்திப் பிழைத்து வருபவர் அவர். ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி வீட்டில், சன்னலோர மேசையில் அமர்ந்து, அச்சகத்திலிருந்து வரும் திருமண அழைப்பிதழ்களையும் கோயில் திருவிழா அறிக்கைகளையும் மரண அறிவிப்புகளையும் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். தொலைபேசிக்கு வரும் தமிழ் விளம்பரங்களில் ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாது. மிகக் கூடாத இடத்தில் தவறாமல் மிகும். மழைக்காலத்தில் படிக்கட்டு ஒழுகுவதைப் போல அதையும் அவர் பொறுத்துக்கொள்ளப் பழகியிருந்தார். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, ஏழரை மணிக்குச் சற்று முன்பு, திரையில் மின்னிய வரி இப்படி இருந்தது:

"ரி.ம. 3.00: பாலத்தைக் கடந்து கரையை அடைந்துவிட்டேன். சேற்றில் கால்கள் புதைகின்றன."

'பாலத்தை' என்பதன் பின் முறையான ககர ஒற்று. 'கால்கள்' என்ற பன்மைக்குப் 'புதைகின்றன' என்ற பன்மை வினை. திருத்த ஏதுமில்லாத வரியைப் படித்ததும் கையில் இருந்த சிவப்புப் பேனா சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. அதன் பிறகுதான் தொடக்கத்தில் இருந்த எண் அவருக்குப் பொருள்பட்டது. யாரோ ஒருவர் சேற்றில் கால் வைத்ததற்கு அவருடைய தொலைபேசிக் கணக்கிலிருந்து மூன்று மலேசிய வெள்ளி பிடித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போட்ட பத்து வெள்ளியில் எண்பது காசு மிச்சம் இருந்தது. கொஞ்ச காலமாகவே தொலைபேசியில் போடும் பணம் ஓட்டைக் குடத்து நீரைப் போல இறங்கிக்கொண்டிருந்தது. அழைப்புகள் செய்யாத மனிதருக்கு அது ஏன் இறங்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. ஐந்திலக்க எண்களிலிருந்து வரும் செய்திகளைத் திறப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. அன்று திறந்தார். கீழே பள்ளிவாசலில் தொழுகை அழைப்பு எழுந்தது. எதிர் வீட்டுச் சீனர் சிவப்பு மாடத்தில் ஏற்றிய ஊதுபத்தியின் புகை நடைவழியில் மிதந்து வந்து கிரில் கதவின் கம்பிகளுக்கிடையே நுழைந்தது. அதற்கும் அடியில், விரைவுச்சாலைக்கு அப்பால் வடிந்துபோன கடல் விட்டுச் சென்ற சேற்றின் நெடி, வழக்கத்தைவிடச் சற்று அருகில் இருப்பதைப் போல, வீட்டுக்குள் வந்தது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட செய்திகள். எல்லாமே பிழையற்றவை. ஏறத்தாழப் பதினொரு மாதங்களுக்கு முன் வந்தது, "அழைத்தமைக்கு நன்றி. புறப்பட்டுவிட்டேன்." அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. "வழி நீண்டது." "செம்பனைத் தோட்டங்களின் ஊடாக நடக்கிறேன். இங்கே பறவைகள் இல்லை." "இன்றும் என்னை யாரும் பார்க்கவில்லை." "கடலை அடைந்தேன். பாலத்தின்மேல் எனக்கு இடமில்லை, அடியில் நடக்கிறேன்." பாலத்தின் அடியில் மட்டும் ஐந்து வாரங்கள். அந்த ஐந்து செய்திகளும் இருட்டைப் பற்றியவை. கடைசி ஒரு வாரமாகத்தான் நாள்தோறும் வரத் தொடங்கியிருந்தன. எழுதியவருக்கு அவசரம் இல்லை என்பது தெரிந்தது. வந்துகொண்டிருக்கிறார் என்பதும் தெரிந்தது.

மறுநாள் காலை சந்தைக்கு எதிரே இருந்த கோகுலனின் தொலைபேசிக் கடைக்குப் போனார்.

"அண்ணே, இது சப்ஸ்கிரிப்ஷன்லா," என்றான் கோகுலன், திரையை விரலால் தள்ளியபடி. "நீங்களே சேந்திருக்கீங்க."

"நான் எதுலயும் சேரல, தம்பி."

"எல்லாரும் அதான் சொல்வாங்க. போன வாரம் ஒரு அங்கிள் வந்தாரு. தலையில ஒரு முடி இல்ல. தினமும் அவருக்குக் கூந்தல் பராமரிப்புக் குறிப்பு வருது, மூணு வெள்ளி. நான் சேரவே இல்லன்னு சாமி மேல சத்தியம் பண்றாரு." சிரித்துக்கொண்டே 'ஸ்டாப் ஆல்' என்று அடித்து அனுப்பினான். மறுமொழி உடனே வந்தது. அதைப் படித்ததும் அவன் சிரிப்பு சற்றுக் குறைந்தது. "என்னண்ணே இது? மத்ததெல்லாம் மலாய்லதான் பதில் வரும்."

"ரி.ம. 0.00: அச்சொல்லால் தாங்கள் என்னை அழைக்கவில்லை."

"எந்தச் சொல்லப் போட்டுச் சேந்தீங்களோ, ஸ்டாப் போட்டு அதே சொல்லப் போடணும்," என்று விளக்கினான் கோகுலன். "ஒரு எழுத்து மாறுனாலும் எடுக்காது. உங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்கதான் எழுத்துப் போலீஸ் ஆச்சே. பிளாக் பண்ணலாம், ஆனா மெசேஜ் மறையும், காசு போய்க்கிட்டேதான் இருக்கும். பேசாம நம்பரயே மாத்திடுங்கண்ணே. பத்தே நிமிஷம்."

"நம்பர மாத்த முடியாது."

"ஏன், யாராவது தேடி வருவாங்களா?"

கோகுலன் செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனான். எல்லாவற்றுக்கும் மேலே, ஏதோ ஒரு கார் பரிசுப் போட்டியின் மலாய் விளம்பரத்துக்குக் கீழே, வலப்பக்கத்தில், மோகனராஜின் கையால் அனுப்பப்பட்ட ஒரே ஒரு செய்தி இருந்தது.

"வா."

"இந்தா இருக்கு! 'வா'வாம். யார வரச் சொன்னீங்க அண்ணே? குணவதி அக்காவுக்குத் தெரியுமா?" கோகுலன் உற்சாகமாகக் கட்டைவிரலைத் தூக்கினான். "போடட்டுமா? ஸ்டாப், வா."

மோகனராஜ் தொலைபேசியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சொல்லை அல்ல. அதன் அடியில் இருந்த தேதியை.

காமினி வீட்டை விட்டுப் போன நாள் அது.

ஒரே மகள். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஈப்போவில் ஒரு கேக் கடையில் வேலைக்குச் சேரப்போவதாக முடிவுசெய்தவள், அதை நேரில் சொல்லத் துணியாமல் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி அவருடைய மேசையில் வைத்தாள். வீட்டில் ஆங்கில எழுத்திலேயே தமிழ் தட்டச்சு செய்யும் பெண், அப்பாவுக்காக மெனக்கெட்டுத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். மோகனராஜ் அதைப் படித்தார். படித்து முடித்தபோது அதில் பதினேழு சிவப்புச் சுழிகள் இருந்தன. அவர் வேண்டுமென்று செய்ததல்ல, கை செய்தது. முதல் சுழி, "எனக்கு கொஞ்சம் டைம் வேணும் அப்பா" என்ற வரியில், 'எனக்கு' என்பதன் பின் விடுபட்ட ககர ஒற்றுக்கு. கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் சுழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

"நான் போறேன்ப்பா."

"'போறேன்'னு சொல்லக் கூடாது. 'போயிட்டு வரேன்'னு சொல்லணும்."

"வந்தாத்தானே அப்படிச் சொல்ல முடியும்," என்றாள் காமினி.

இரண்டு மணி நேரம் கழித்து அவர் தொலைபேசியை எடுத்தார். அவள் பெயரை எழுத மனம் இடம் கொடுக்கவில்லை. பெயரை எழுதினால் மன்னிப்பும் எழுத வேண்டி வரும் என்று பட்டது. 'வா' என்று மட்டும் அடித்தார். ஓரெழுத்தொருமொழி. பிழை விட இடமே இல்லாத சொல். என்றாலும் மூன்று முறை சரிபார்த்தார். அந்தக் கணத்தில் ஒரு பரிசுப் போட்டி விளம்பரம் வந்து திறந்துகொண்டதை, யாருக்கு அனுப்புகிறோம் என்பதை, திரையின் உச்சியில் இருந்த ஐந்து இலக்கங்களை அவர் சரிபார்க்கவில்லை. அவருடைய தொழில் உரையைப் பார்ப்பது, முகவரியைப் பார்ப்பதல்ல.

அவள் பதில் போடவில்லை என்றே பதினொரு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தார். அழைத்தும் வராதவள் என்று. பதில் வந்தால் இந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதற்காகவே எண்ணையும் மாற்றாமல் வைத்திருந்தார்.

வீடு திரும்பியபோது மனைவி குணவதி தொழிற்சாலைச் சீருடையில், பிற்பகல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் சொல்வதை நின்றுகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கூப்புட்டேன், அவதான் வரலன்னு என்கிட்ட எத்தன தடவ சொன்னீங்க? அவகிட்ட நானும் கேட்டேன். அப்பா மெசேஜே போடலம்மான்னா. பொய் சொல்றா கழுதன்னு நானும் அவள ஏசிட்டேன்." தொலைபேசியை வாங்கி அந்தச் செய்திகளைப் படித்தாள். "இது என்னங்க, படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஒருவேள அவதான் விளையாடுறாளோ?"

"இருக்காது. அவளுக்கு இப்படிப் பிழையில்லாம எழுத வராது."

குணவதி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இப்பக்கூடவா?"

அவள் போன பிறகு மோகனராஜ் மேசையில் அமர்ந்தார். ஏவல் வினைக்கு முன்னால் விளி வேண்டும். விளி இல்லாத ஏவல், கேட்பவர் எவரோ அவரையே சேரும். இந்த முறை எண்ணை நான்கு தடவை சரிபார்த்துவிட்டு எழுதினார்: "காமினி, வா."

பதில் வர ஆறு நிமிடங்கள் ஆயின. அவளுடைய வழக்கப்படி ஆங்கில எழுத்துகளில் இருந்ததை அவர் மனத்துக்குள் தமிழாக்கிப் படித்தார். "இப்பத்தான் கூப்பிட தோனுச்சா? சனிக்கிழம லீவு. வரேன்பா." எத்தனை பிழைகள் என்று எண்ணவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

'ஸ்டாப் வா' என்று அனுப்பிவிட வேண்டியதுதான் முறை. ஆனால், மகளை 'வா' என்று அழைத்த கையால், அவள் வந்து சேர்வதற்குள், அதே சொல்லை நிறுத்தும்படி எழுத அவருக்குக் கை வரவில்லை. மூட நம்பிக்கை என்று தெரிந்தும் தள்ளிப்போட்டார். சனிக்கிழமைதானே. மூன்று நாள். ஒன்பது வெள்ளி; அதை அன்றே தொலைபேசியில் போட்டுவைத்தார்.

அன்று மாலை வந்தது: "சந்தையைக் கடந்தேன். மீன் விற்போர் என்னைப் பார்க்கவில்லை. பூனைகள் பார்த்தன."

வியாழன்: "குடியிருப்பின் கீழ் நிற்கிறேன். ஒன்பதாம் மாடிச் சன்னலில் விளக்கு எரிகிறது." அவர் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார். சாத்துவதற்கு முன் கீழே பார்க்காமல் இருக்கப் பார்த்தார், பார்த்துவிட்டார். மோட்டார் சைக்கிள்கள், குப்பைத்தொட்டி, மஞ்சள் விளக்கின் கீழ் ஈரமான தரை. அன்று முழுவதும் மழை இல்லை.

வெள்ளிக்கிழமை: "மின்தூக்கி பழுதாகிவிட்டது. என்னால்தான். பொறுத்தருள்க."

அடுத்த வீட்டு அமலம்மாள் சனிக்கிழமை நண்பகலில் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கக் கிரில் கதவில் சாய்ந்தாள். "மோகன் அண்ணே, லிஃப்ட் ரோசாக், ஓடல. ஆள் வந்து பாத்துட்டுக் கதவெல்லாம் ஒரே சேறுங்கிறான். படியிலயும் பாருங்க, ரெண்டாவது மாடி வரைக்கும் சேறு. எந்த எருமை கடல்ல புரண்டுட்டு வந்துச்சோ தெரியல. மாதாவே, அந்த நாத்தம் இருக்கே!"

"ரெண்டாவது மாடி வரைக்குமா?"

"அதுக்கு மேல சுத்தமாத்தான் இருக்கு." அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். "நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன் அண்ணே, லிஃப்ட் செஞ்ச பிறகுதான் இந்தப் பக்கம். காமினி வருதாமே? பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல்லுங்க."

குணவதிக்கு அன்றைக்கும் வேலை; விடுப்புக் கிடைக்கவில்லை. மீன் குழம்பை வைத்து மூடிவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டபடியே சொன்னாள்: "பஸ்ஸு சுங்கை நிபோங்ல ஆறே முக்காலுக்கு நிக்கும். கிரில்லப் பூட்டி வைக்காதீங்க, பிள்ள வந்து வாசல்ல நின்னு கூப்புட வேணாம். சோறு போட்டுக் குடுங்க. பாடம் நடத்தாதீங்க."

அவள் போனதும் பூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அன்று காலை கையில் இருந்த பதினெட்டு வெள்ளியையும் போட்டிருந்தார். மகள் வரும் நாளில் தொலைபேசி செத்துக் கிடக்கக் கூடாது. நான்கு மணிக்கு, "மூன்றாம் மாடி." ஐந்துக்குச் சற்று முன், "நான்காம் மாடி. படிகள் உயரமானவை." ஐந்தரைக்கு ஐந்தாம் மாடி. ஒவ்வொரு முறையும் மேசைமேல் தொலைபேசி நடுங்கும்போது மரத்தின் அதிர்வு அவருடைய முழங்கையில் ஏறியது. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் நடைவழியிலிருந்து வந்த நெடி, நத்தையும் அழுகிய கயிறும் பழைய எண்ணெயும் கலந்த அந்த நெடி, ஒரு பிடி கனத்தது. எதிர் வீட்டுச் சீனர் அன்று ஊதுபத்தி ஏற்றவில்லை. அவர்களுடைய மரக்கதவு சாத்தியிருந்தது. நடைவழி நெடுக எல்லாருடைய கதவுகளும் சாத்தியிருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். அச்சகம் அனுப்பியிருந்த மரண அறிவிப்பு ஒன்றைத் திருத்த எடுத்து, ஒரே வரியை எட்டு முறை படித்தார்.

ஏழு மணிக்கு, "ஆறாம் மாடி."

ஏழு இருபதுக்கு, "ஏழாம் மாடி. தங்கள் வீட்டு மீன் குழம்பு மணக்கிறது."

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. மூட நம்பிக்கையாவது ஒன்றாவது. காமினி பேருந்திலிருந்து இறங்கி வாடகைக் காரில் ஏறியிருப்பாள். அவள் படி ஏறும்போது அந்தப் படியில் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். ஸ்டாப். இடைவெளி. வா. அனுப்பினார்.

பள்ளிவாசலில் தொழுகை அழைப்பு தொடங்கியது. அது முடியும் வரை மறுமொழி வரவில்லை. முடிந்ததும் வந்தது.

"ரி.ம. 0.00: தங்கள் சொல் திரும்பப் பெறப்பட்டது. எட்டாம் மாடிப் படியில் நிற்கிறேன். வரட்டுமா?"

அவர் அதை இரண்டு முறை படித்தார். வரட்டுமா. வந்த இடத்திலிருந்து புறப்படுகிறவர் சொல்லும் சொல். 'போகட்டுமா' என்று கேட்பது அமங்கலம் என்பதால் தமிழர் எல்லாரும், போகும்போது வருவதற்குத்தான் அனுமதி கேட்பார்கள். அது விடைபெறுகிறது. பதினொரு மாதம் நடந்து, கடலுக்கடியில் நடந்து, எட்டு மாடி ஏறி, வாசலுக்கு ஒரு மாடி கீழே நின்று, முறையாக விடைபெறுகிறது. ஒரு பெண் பையோடு நின்ற வாசலும் அவளுக்குச் சொல்லாமல் விட்ட சொல்லும் நினைவுக்கு வந்தன. முறையாக விடைபெறுபவருக்கு முறையாக விடை தர வேண்டும். 'போ' என்று மட்டும் சொல்வது மரபல்ல. அவருடைய கட்டைவிரல் தானாகவே எழுதியது, அனுப்பியும் விட்டது.

"போய் வா."

அனுப்பிய பிறகுதான் அதைத் திருத்துபவரின் கண்ணால் பார்த்தார்.

இரண்டு சொற்கள். இரண்டாவது.

"ரி.ம. 3.00: 'வா' பதிவு செய்யப்பட்டது. மீண்டும் அழைத்தமைக்கு நன்றி."

எழுந்தபோது நாற்காலி சாய்ந்தது. பூட்டு. மேசைமேல்தான் இருந்தது. எடுத்தார். கிரில் கதவுக்குப் போனார். தாழில் பூட்டின் வளையத்தை நுழைத்தபோது தொலைபேசி மறுபடியும் நடுங்கியது. இந்த முறை காமினி. ஆங்கில எழுத்துகள்.

"அப்பா கீழ வந்துட்டேன். லிஃப்ட் ரோசாக் லா. படியில வரேன்."

பூட்டினால் அவளும் வெளியே. பூட்டாவிட்டால்.

வளையம் தாழில் தொங்கியது. அவர் அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை. உள்ளங்கையில் இரும்பு ஈரமாயிற்று. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. எட்டு மாடிப் படிகளை ஓர் இளம்பெண் ஏறும் நேரம்.

மறுபடியும் காமினி.

"அப்பா 8th floor ல யாரோ உக்காந்துருக்காங்க. பாவம் வயசானவங்க போல, கால் எல்லாம் சேறு. நம்ம வீட்டுக்குத்தான் வராங்களாம், நீங்க கூப்டீங்களாம். கை புடிச்சு கூட்டிட்டு வரேன்."

வேண்டாம். தொடாதே. விரல்கள் தவறான எழுத்துகளில் விழுந்தன. வாழ்வில் முதன்முறையாக அவர் பிழைகளோடு அனுப்பினார். செய்தி போகவில்லை. அழைத்தார். ஒரு பெண் குரல் மலாயில், பிறகு ஆங்கிலத்தில், கணக்கில் போதிய பணம் இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னது. அந்தக் கடைசி மூன்று வெள்ளி.

கிரில்லைத் திறந்து நடைவழிக்கு ஓடினார். படிக்கட்டின் வாய் பத்தடியில் இருந்தது. இருட்டு. நெடி. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று. கீழே, ஒரு திருப்பத்துக்கு அப்பால், இரண்டு பேரின் காலடி. ஒன்று ரப்பர்ச் செருப்பு. மற்றது ஈரம்.

வாயைத் திறந்தார். வராதே என்று சொல்ல வேண்டும். யாரிடம்? அதற்குப் பெயர் தெரியாது. பெயரில்லாமல் சொன்னால் கேட்கும் எவருக்கும் அது பொருந்தும்; பதினொரு மாதம் காத்திருந்த பெண்ணும் கேட்பாள்; கேட்டால் திரும்பிப் போய்விடுவாள்; இந்த முறை நிச்சயமாக. பெயரோடு சொன்னால் அதைவிடக் கொடுமை. அவர் அறிந்த எந்த வாக்கியமும் உதவவில்லை.

"காமினி!"

விளி மட்டும். வினை இல்லை; அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

காலடிகள் நின்றன.

மிக நீண்ட அமைதி. சொட்டுச் சத்தம். ஏதோ ஒன்று மென்மையாக, துணிமூட்டையைக் கீழே வைப்பதைப் போல, படியில் வைக்கப்பட்டது.

பிறகு காலடிகள் மீண்டும் ஏறின. ஒருவருடையவை. ரப்பர்ச் செருப்பு. ஆனால் ஈரம்.

அவர் பின்வாங்கினார். வாசல்வரை. வாசலுக்குள். கையில் தொலைபேசி நடுங்கியது. காமினியின் எண். தமிழ் எழுத்துகள்.

"அப்பா, ஒன்பதாம் மாடிக்கு வந்துவிட்டேன்."

நடைவழியின் மங்கலான குழல்விளக்கின் கீழ் அவள் வந்து நின்றாள். காமினிதான். அதே முகம். அதே பை, தோளில். நெற்றியில் ஒட்டிய கூந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை சாம்பல் நிறச் சேறு. கால் விரல்களிலிருந்து வழிந்த நீர், வாசற்படியைத் தாண்டி, மெதுவாக, அவருடைய பாதத்தை நோக்கி வந்தது. பூட்டாத கிரில் கதவை அவள் ஒரு விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் திறந்தது. அவள் புன்னகை செய்தாள். புன்னகை எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடியவில்லை.

கீழே, எட்டாம் மாடிப் படியில், எதுவும் அசையவில்லை.

"அழைத்தமைக்கு நன்றி, அப்பா," என்றாள். காமினியின் குரல். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, கழுவி அடுக்கி வைத்ததைப் போல. "எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்."

'எனக்கு' என்பதற்கும் 'கொஞ்சம்' என்பதற்கும் இடையே அந்த ஒற்று, ஈரத் தொண்டையில் அழுந்தி, தெளிவாக, மிகத் தெளிவாக ஒலித்தது.